பெலிக்ஸுக்கு எத்தனை பங்கு

எட்டு கோடி என்று சொல்லிவிட்டு பெலிக்ஸ் சமோசாவைக் கடித்தான். இதற்காக வீட்டுக் கண்ணாடி முன்னால் ஒரு வாரம் பயிற்சி எடுத்திருந்தான். தொகையைச் சொன்னதும் எதையாவது வாயில் போட்டுக்கொள்ள வேண்டும், அப்போதுதான் எதிராளி முதலில் பேசுவார் என்று அவனுடைய ஏஜென்ட் சுதர்சன் சொல்லிக் கொடுத்திருந்தார். சமோசா அடுப்பிலிருந்து நேராக வந்திருக்கும் என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை. பெலிக்ஸின் கண்ணில் தண்ணீர் கோத்துக்கொண்டது.

"தண்ணி குடிப்பா," என்றாள் பாக்கியம். "கேக்குற நீயே அழுதா, குடுக்குற நான் இன்னா பண்றது?"

பாக்கியம்தான் காசிமேடு சுறாக்கள் அணியின் முதலாளி. மூன்று ஐஸ் பேக்டரி, பதினோரு விசைப்படகு, ஒரு கால்பந்து அணி. இந்த மூன்றில் எது அதிகமாகப் பணத்தை உருக்குகிறது என்று கேட்டால் ஐஸைச் சொல்ல மாட்டாள். கடல் இன்னும் கொஞ்சம் உள்ளே வந்துவிட்ட காலம் அது. துறைமுகத்தை ஒட்டி அரசாங்கம் எழுப்பிய பெரிய சுவருக்கு இந்தப் பக்கம் மைதானமும், அதை ஒட்டிய ஐஸ் பேக்டரி மாடியில் அணியின் அலுவலகமும் இருந்தன. அலுவலகத்தில் எப்போதும் குளிரும், லேசாக மீன் வாடையும் அடிக்கும்.

பெலிக்ஸ் அந்த அணிக்கு கோல் போடுகிறவன். போன சீசனில் நாட்டிலேயே அதிக கோல் அவனுடையதுதான். இந்த சீசனோடு ஒப்பந்தம் முடிகிறது. எட்டு கோடிக்குக் கையெழுத்துப் போட்டால் இந்தியாவிலேயே அதிகச் சம்பளம் வாங்கும் ஆட்டக்காரன் அவன்தான். பணத்தைவிட அந்தப் பெயர்தான் அவனுக்கு இனித்தது. அதை அவன் யாரிடமும் மறைக்கவும் இல்லை.

"எனக்கு ஒண்ணும் ஆட்சேபணை இல்ல," என்றாள் பாக்கியம். "ஜோசியர் சொல்லட்டும். மெஹர், போடும்மா."

ஜோசியர் என்றால் பஞ்சாங்கத்தோடு உட்கார்ந்திருப்பவர் இல்லை. மூலையில் ஒரு குட்டி ஃபிரிட்ஜ் அளவுக்கு நின்ற கணிப்பு இயந்திரம். அதைச் செய்த கம்பெனி வைத்த பெயர் வாயில் நுழையாததால் காசிமேட்டுக்காரர்கள் ஜோசியர் என்று வைத்துவிட்டார்கள். அதை இயக்குகிறவள் மெஹருன்னிசா. கணக்கில் பெரிய படிப்பு படித்துவிட்டு, மீன் வாடைக்குப் பயந்து மூக்கில் தைலம் தடவிக்கொண்டு வேலைக்கு வருகிற பெண்.

"இதுல என்னதான் தெரியும், மேடம்?" என்று மெஹரிடம் கேட்டான் பெலிக்ஸ்.

"நாலு வருஷமா உங்க எல்லார் பனியன்லயும் ஒரு பொத்தான் இருக்கு இல்லையா, பெலிக்ஸ் அண்ணா? எப்படி ஓடுறீங்க, எப்ப மூச்சு வாங்குது, யாரைப் பார்த்தா நாடி வேகமா அடிக்குது, ராத்திரி தூங்கினீங்களா, எல்லாத்தையும் அது சேர்த்து வெச்சிருக்கு. அதை வெச்சு உள்ளுக்குள்ள ஒரு பெலிக்ஸ், ஒரு தேசிங்கு, ஒரு கஜபதின்னு மொத்த டீமும் இருக்கு. உங்க சம்பளம் இவ்வளவுன்னு ஒரு நம்பரைக் கொடுத்தா, அடுத்த சீசன் முழுக்க ஆடிக் காட்டிடும்."

"உள்ள ஒரு பெலிக்ஸ் கீறானா? அவனுக்கு யாரு துட்டு குடுக்குறது?"

பக்கத்தில் உட்கார்ந்திருந்த சுதர்சன் அவன் காலை மேஜைக்கு அடியில் மிதித்தார்.

மெஹர் மூன்று கோடி என்று போட்டாள். திரையில் குட்டிக் குட்டி ஆட்டக்காரர்கள் கொசுக்கூட்டம் மாதிரி ஓடி முடித்தார்கள். "மூணுன்னா பாதி சீசன்ல கோவா டீமுக்குப் போயிடறீங்க." ஐந்து போட்டாள். "அஞ்சுன்னா பதினெட்டு கோல். டீம் ரெண்டாவது இடம்." பெலிக்ஸ் நிமிர்ந்து உட்கார்ந்தான். ஐந்துக்கே பதினெட்டு என்றால் எட்டுக்கு எத்தனை என்று அவன் மனசுக்குள் கணக்குப் போட்டு முடிப்பதற்குள் எட்டு வந்துவிட்டது.

"பத்து கோல். டீம் ஆறாவது."

சுதர்சன் எழுந்து போய் ஜோசியரைத் தட்டிப் பார்த்தார்.

"இயந்திரத்துல ஏதோ கோளாறு இருக்கும்மா," என்றார் சுதர்சன். "சம்பளம் ஏறினா ஒருத்தன் எப்படி மோசமா ஆடுவான்?"

"அண்ணா மோசமா ஆடலை சார். அதே ஓட்டம்தான், அதே ஷாட்தான். பந்துதான் வரலை."

"யாரு தரல?" என்று கேட்டான் பெலிக்ஸ்.

மெஹர் பாக்கியத்தைப் பார்த்தாள். சொல்லு என்று பாக்கியம் தலையசைத்தாள். அப்படிச் சொல்லச் சொன்னது தப்பு என்று பின்னால் அவளே பத்துப் பேரிடம் ஒப்புக்கொண்டாள்.

"தேசிங்கு அண்ணா. இப்ப ஒரு ஆட்டத்துக்கு உங்களுக்கு இருபது பாஸுக்கு மேல போடறார். எட்டு கோடியில ஏழு."

தேசிங்கும் பெலிக்ஸும் ஒரே தெருவில் பிறந்து, ஒரே ஜோடிச் செருப்பை ஆளுக்கொரு காலில் போட்டுக்கொண்டு பந்து விளையாடினவர்கள். நடுவரிசையில் நின்று பந்தை எடுத்து பெலிக்ஸ் ஓடப்போகிற இடத்துக்கு அனுப்புவது தேசிங்கின் வேலை. பெலிக்ஸ் திரும்பிப் பார்க்காமலே ஓடுவான், பந்து அங்கே வந்து நிற்கும். தேசிங்குக்குச் சம்பளம் நாற்பது லட்சம். பெலிக்ஸுக்கு இப்போதே இரண்டரை கோடி. இத்தனை வருஷத்தில் இரண்டு பேரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

மனசில் வைத்துக்கொள்ள வேண்டிய சமாச்சாரம் இது. பெலிக்ஸுக்குத்தான் மனசில் எதுவும் தங்காதே. அன்று சாயங்காலமே பர்மா நூடுல்ஸும் சூப்பும் விற்கிற அத்தோ கடையில் வைத்து தேசிங்கிடம் கொட்டிவிட்டான்.

தேசிங்கு வாயில் வைத்த நூடுல்ஸை அப்படியே நிறுத்தினான். "நானா?"

"நான் சொல்லல மச்சான். அந்த டப்பா சொல்லுது."

"நான் உனக்குப் பந்து தர மாட்டேன்னு சொல்லுதா?"

"எட்டு கோடி வாங்குனா."

தேசிங்கு தட்டைக் கீழே வைத்தான். "இது வரிக்கும் உன் சம்பளம் இன்னான்னு நான் கேட்டுகீறனா?"

"கேக்கல."

"கேக்காதவனைக் கேக்க வெச்சிட்ட பாரு," என்றான் தேசிங்கு. சூப்பை எடுத்து ஒரு வாய் குடித்தான். பிறகு மெதுவாக, "எட்டு கோடியா?" என்றான். மறுபடி, "எட்டு," என்றான். அது தன் சம்பளத்தைப் போல எத்தனை மடங்கு என்று அவன் முதல்முறையாகக் கணக்குப் போடுவது பெலிக்ஸுக்கு முகத்திலேயே தெரிந்தது. ஏன்டா வாயைத் திறந்தோம் என்று பெலிக்ஸ் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

தேசிங்கு ரோஷக்காரன். ஜோசியரைப் பொய்யாக்கிக் காட்டுகிறேன் என்று கங்கணம் கட்டிக்கொண்டு அடுத்த ஆட்டத்துக்கு வந்தான். கோழிக்கோட்டுக்காரர்களோடு ஆட்டம். விசில் ஊதினதிலிருந்து தேசிங்கு காலில் பட்ட பந்தெல்லாம் பெலிக்ஸுக்கே போனது. பெலிக்ஸைச் சுற்றி மூன்று பேர் நின்றாலும் போனது. அவன் கீழே விழுந்து கிடந்தபோதும் போனது. ஒரு கட்டத்தில் கோழிக்கோட்டு கோல்கீப்பர் வழுக்கி விழுந்து, திறந்த கோல் தேசிங்குக்கு நேரே நாலடியில் இருந்தது. குழந்தைகூடத் தட்டிவிடும். தேசிங்கு பந்தை நிறுத்தி, இடுப்பில் கைவைத்து, நடுமைதானத்திலிருந்து ஓடி வருகிற பெலிக்ஸுக்காகக் காத்திருந்தான்.

"டேய், போடுடா," என்று கத்தினான் பெலிக்ஸ்.

"நீ போடு. எட்டு கோடி நீதானே."

அதற்குள் விழுந்த கோல்கீப்பர் எழுந்து, மண்ணைத் தட்டிக்கொண்டு, பந்தையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஆட்டம் கோலே இல்லாமல் முடிந்தது. காசிமேட்டு ரசிகர்கள் அன்று உபயோகித்த சொற்களை இங்கே எழுத முடியாது.

விஷயம் அணி முழுக்கப் பரவிவிட்டது. ஆளாளுக்கு மெஹரிடம் போய், உள்ளே இருக்கிற நான் என்ன பண்றேன் என்று விசாரித்தார்கள். பெலிக்ஸுக்கு எட்டு கோடி என்றால் உள்ளே இருக்கிற கஜபதி கோலுக்குத் தாவும்போது ஒரு இமைப்பொழுது தாமதிக்கிறானாம். கோல்கீப்பர் கஜபதி ஆறடி மூன்று அங்குலம். அவனுக்கு அழுகை வந்துவிட்டது. "நான் வோணும்னே லேட்டா வுழுவேனா? நானா அப்டிப்பட்டவன்?"

மெஹருக்கும் தர்மசங்கடம்தான். "நீங்க வேணும்னு பண்ணலை அண்ணா. மனசுல ஒரு ஓரத்துல கசப்பு இருந்தா கால் தானா லேட்டாகும். உங்களுக்கே தெரியாது."

"அப்ப எனக்கே தெரியாத என்னை அதுக்குத் தெரியுமா?"

மெஹர் மூக்கில் இன்னும் கொஞ்சம் தைலம் தடவிக்கொண்டாள். அன்றிலிருந்து பயிற்சியில் ஒருவரையொருவர் கல்யாண வீட்டுச் சம்பந்திகள் மாதிரி உபசரித்துக்கொண்டார்கள். நீ எடுத்துக்கோ, பரவாயில்ல நீயே எடுத்துக்கோ என்று பந்து நடுவில் அனாதையாகக் கிடந்தது. முன்பெல்லாம் கெட்ட வார்த்தை சொல்லித்தான் பந்து கேட்பார்கள். இப்போது யாரும் யாரையும் திட்டவில்லை. திட்டாத அணி எங்கே உருப்படும்? அடுத்த ஆட்டத்தில் மூன்று கோல் வாங்கித் தோற்றார்கள்.

பெலிக்ஸுக்குச் சோறு இறங்கவில்லை. சுதர்சன் தினமும் போன் செய்து, ஐந்து கோடிக்கு இறங்கிவிடலாம், பதினெட்டு கோல் இருக்கிறதே என்றார். ஆனால் ஐந்தோ எட்டோ, தேசிங்கு இனிமேல் பந்து போடும்போதெல்லாம் ஒரு நொடி யோசிப்பான். யோசிக்காமல் வருகிற அந்தப் பந்துதான் அவர்கள் இரண்டு பேருடைய மொத்தச் சொத்தும். அது போய்விட்டால் எட்டு கோடியை வைத்துக்கொண்டு யாரோடு விளையாடுவது? நாட்டிலேயே முதல் ஆள் என்ற பெயரையும் விட மனசில்லை, தேசிங்கையும் விட மனசில்லை. இரண்டுக்கும் நடுவில் கிடந்து தவித்தான்.

ஒரு காலை துறைமுகத்துப் பக்கம் நடந்தான். பாக்கியத்தின் படகு ஒன்று கரை சேர்ந்து, மீன் ஏலம் முடிந்து, ஆட்கள் வட்டமாக உட்கார்ந்து பங்கு பிரித்துக்கொண்டிருந்தார்கள். "எட்டு கோடி வர்றாரு, வழி வுடுங்கப்பா," என்று ஒருவன் கலாய்த்தான். பெலிக்ஸ் அசட்டுச் சிரிப்போடு அவர்கள் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டான். டீசலும் ஐஸும் போக, படகுக்கு உள்ளதை முதலாளிக்கு எடுத்து வைத்தார்கள். மிச்சம் அங்கேயே, எல்லார் கண்ணெதிரிலும் பங்காகப் பிரிந்தது. ஆளுக்கு ஒரு பங்கு. படகின் டிரைவருக்கு இரண்டு. வாங்கினவர்கள் லுங்கி மடிப்பில் செருகிக்கொண்டு டீக்குக் கிளம்பினார்கள்.

"அவருக்கு ரெண்டு குடுக்குறீங்களே, உங்களுக்கு கடுப்பா இல்ல?" என்று கலாய்த்தவனிடமே கேட்டான் பெலிக்ஸ்.

"இதுல இன்னா கடுப்பு? மீன் மாட்டாத அன்னிக்கு அவருக்கும் ரெண்டு பங்கு பூஜ்யம்தான்," என்றான் அவன்.

பெலிக்ஸ் அங்கிருந்து ஐஸ் பேக்டரி மாடிக்கு ஓடின ஓட்டத்தை அந்தப் பொத்தான் பனியன் பார்த்திருந்தால் அசந்துபோயிருக்கும்.

அன்று மத்தியானம் மொத்த அணியும் பாக்கியத்தின் அறையில் அடைந்து நின்றது. நாற்காலி போதாமல் பாதிப் பேர் மீன் பெட்டிகளைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்தார்கள். டிக்கெட், டிவி, பனியன் விற்பனை, பரிசு என்று சீசனில் வருகிற எல்லாப் பணத்தையும் ஒன்றாகப் போட வேண்டும், செலவு போக, முதலாளிக்குப் படகுப் பங்கு போக, மிச்சத்தை எல்லார் முன்னாலும் பிரிக்க வேண்டும் என்று பெலிக்ஸ் மூச்சுவிடாமல் சொன்னான்.

சுதர்சன் அவன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். "பெலிக்ஸ், எத்தனை பேர் கனவு தெரியுமா அந்த எட்டு கோடி? என் கமிஷனை விடுங்க, உங்க பேரு என்ன ஆகும்?"

"பேரு இருக்கட்டும் சார். பந்து வரணும் இல்ல?"

பாக்கியம் வாயில் பாக்கைப் போட்டு மென்றாள். "போட்டுல இருபது வருசமா இதானே பண்றேன். டீமுக்குன்னு வந்தப்ப ஏன் கோட்டு போட்டவன் சொன்னதைக் கேட்டேன்னு எனக்கே தெரில. சரி, ஆளுக்கொரு பங்கு. டிரைவருக்கு ரெண்டு."

"ரெண்டு," என்று ஒத்துக்கொண்டு பெலிக்ஸ் நெஞ்சை நிமிர்த்தினான். நாட்டில் முதல் ஆள் இல்லாவிட்டாலும் காசிமேட்டில் முதல் ஆள். அது போதும் என்று அவனுக்கு மனசு நிறைந்துவிட்டது. தன் பெருந்தன்மையை நினைத்து அவனுக்கே கொஞ்சம் புல்லரித்தது.

"அது சரி," என்றான் கஜபதி. "டிரைவர் யாரு?"

பெலிக்ஸ் சிரித்தான். வேறு யாரும் சிரிக்கவில்லை.

"இன்னாடா கேள்வி இது?"

"கேள்விதான். மீன் எங்க கீதுன்னு பாத்து போட்டைக் கொண்டுபோய் நிறுத்துறவன் டிரைவர். அது தேசிங்கு. நீ வலை இழுக்குறவன். சூப்பரா இழுக்குற, யாரும் இல்லன்னு சொல்லல. தேசிங்குதான் டிரைவர்னு நினைக்கிறவன்லாம் கையைத் தூக்கு."

கைகள் ஒவ்வொன்றாக எழுந்தன. வலதுபக்க ஆட்டக்காரன், இடதுபக்கக்காரன், பெஞ்சில் உட்கார்ந்தே சீசனைக் கழிக்கிறவர்கள், எல்லாரும். எண்ணவே வேண்டியிருக்கவில்லை. தேசிங்கு மட்டும் தலைகுனிந்து பெட்டியைச் சுரண்டிக்கொண்டிருந்தான். பெலிக்ஸுக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. வலித்தது. நன்றாகவே வலித்தது. திரும்பிப் பார்க்காமல் ஓடின ஓட்டம் ஒவ்வொன்றும் ஞாபகத்துக்கு வந்தது. ஓடிப்போய் நின்ற இடத்திலெல்லாம் பந்து ஏற்கெனவே வந்திருந்தது. அதை யார் அனுப்பினார்கள் என்று அவனுக்குத் தெரியாதா என்ன? கடைசியில் அவனுடைய கையும் மேலே போனது.

"நீ ஏன்டா தூக்குற?" என்றான் தேசிங்கு.

"உண்மை அதானே."

பிறகு பெலிக்ஸ் தொண்டையைச் செருமினான். "அதுக்காக எனக்கு ஒரே பங்கா? போன சீசன்ல கோல் போட்டவன் யாரு? அரைப் பங்காவது கூட்டிக் குடுங்கடா." முதலாளியிடம் எட்டு கோடியைக் கண்ணாடி முன்னால் பழகிக் கேட்டவனுக்கு, கூட விளையாடுகிறவர்களிடம் அரைப் பங்கு கேட்க வியர்த்துக் கொட்டியது.

"கால் பங்கு தரலாம்," என்றான் கஜபதி.

"கால் பங்குக்கு நான் இடது காலாலதான் ஆடுவேன்."

"இடது கால்ல இப்ப மட்டும் இன்னா கிழிக்குற?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. அறை வெடித்துச் சிரித்தது. ரொம்ப நாள் கழித்து ஒருவன் இன்னொருவனைத் திட்டினான். பிறகு ஆளாளுக்குத் திட்டிக்கொண்டார்கள். காது கொடுத்துக் கேட்க முடியாத அந்தப் பேச்சு பெலிக்ஸுக்குத் தேனாக இருந்தது. தேசிங்குதான் முடித்து வைத்தான். பெரிய போட்டில் செகண்ட் டிரைவருக்கு ஒன்றரைப் பங்கு உண்டு, அதை இவனுக்குக் கொடுக்கலாம், ஆனால் பந்து பறிபோனால் இவனும் பின்னால் ஓடிவந்து தடுக்க வேண்டும் என்றான். வாழ்க்கையில் பின்னால் ஓடியே பழக்கமில்லாத பெலிக்ஸ், ஒத்துக்கொண்டான்.

"ஓட்டிப் பார்க்கட்டுமா?" என்று கேட்டாள் மெஹர். எல்லாரும் மூலையில் நின்ற ஜோசியரைப் பார்த்தார்கள். உள்ளே இருக்கிற தன்னை இன்னொரு தடவை பார்க்க ஒருவனுக்கும் தைரியம் இல்லை.

"வேணாம்," என்றான் தேசிங்கு.

"உங்களுக்கு வேணாம். துட்டு போடறவ நான்," என்றாள் பாக்கியம். "மெஹர், திரையை என் பக்கம் மட்டும் திருப்பு."

கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தாள். இருபத்திரண்டு பேரும் அவள் முகத்தையே பார்த்தார்கள். புருவம் ஒருமுறை உயர்ந்தது. உதட்டோரம் ஒரு சிரிப்பு வந்து போனது. கண்ணாடியைக் கழற்றி, பேனாவை எடுத்து, பங்குக் கணக்கை ஒரு தாளில் எழுதி, கீழே கையெழுத்துப் போட்டாள்.

"இன்னாக்கா வந்துச்சு?" என்றான் கஜபதி.

"டீ ஆறுது. குடிச்சிட்டு கிரவுண்டுக்குப் போங்கடா," என்றாள்.

பயல்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கப்பு நமக்குத்தான் என்று கஜபதி பக்கத்தில் இருந்தவனின் காதில் சொன்னது அறை முழுக்கக் கேட்டது. படிக்கட்டு அதிர இறங்கினார்கள்.

பெலிக்ஸ் மட்டும் ஷூ லேஸ் கட்டுகிற சாக்கில் கீழ்ப்படியில் நின்றான். மெஹர் பையை மாட்டிக்கொண்டு இறங்கி வந்தாள்.

"மேடம், எனக்கு மட்டும் சொல்லு. எத்தினி கோல்?"

அவள் மேலே ஒருதரம் திரும்பிப் பார்த்துக்கொண்டாள். "ஒண்ணுமே வரலை, அண்ணா."

"ஒரு கோல்கூடவா?"

"பதிலே வரலை. சம்பளம் எவ்வளவுன்னு முதல்ல சொன்னாத்தான் அது ஆடும். பங்குன்னா ஆடி முடிச்சாத்தான் சம்பளமே தெரியும். எங்கேருந்து ஆரம்பிக்கிறதுன்னு அதுக்குத் தெரியலை. வட்டம் சுத்திக்கிட்டே இருக்கு. இப்பவும் சுத்திக்கிட்டுதான் இருக்கும்."

"அப்ப அக்கா எதைப் பாத்து சிரிச்சாங்க?"

"சுத்துற வட்டத்தைத்தான்."

பெலிக்ஸ் வாயைப் பிளந்துகொண்டு மாடியைப் பார்த்தான். ஜன்னலில் பாக்கியம் பாக்கு மென்றுகொண்டு மைதானத்தைப் பார்த்து நின்றாள். அங்கே கஜபதி யாரையோ மூன்று தலைமுறைக்கும் சேர்த்துத் திட்டிக்கொண்டே தாவினான். ஒரு இமைப்பொழுதுகூடத் தாமதமில்லை.

"நான் போய் டீம்கிட்ட உண்மையைச் சொல்லிடட்டுமா?" என்றாள் மெஹர். "எனக்கு ஒரு மாதிரி இருக்கு."

"வேணாம்மா," என்றான் பெலிக்ஸ். "பசங்க ஜெயிச்சுட்டதா நினைச்சு ஆடுறானுங்க. அப்டியே ஆடட்டும்."

சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் மைதானத்துக்குள் ஓடினான்.